ஒன்றாம் நம்பர் மிஷினின் வயர்

மைனி,

இன்று காலை ஷட்டரைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் கடைக்குள் மோட்டார் காயில் கருகிய வாடை. உங்களுக்குத் தெரியாத வாடையா? எந்த மிஷின் என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றாம் நம்பர். நீங்கள் முதன்முதலில் மதுரைக்குப் போய் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்களே, அந்தப் பச்சை டிரில்லிங் மிஷின். அதற்கு எத்தனை தடவை தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றியிருப்போம் என்று கணக்கில்லை. இந்தத் தடவை அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, இனி ஓடாது என்று திரும்ப மூடினான்.

நான் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏட்டி, அது அவ வாங்குன மொத மிஷின்லா. அதுக்கு மட்டும் வயரை அறுக்காத. தொடைச்சு அலமாரியில வச்சிருவோம்."

நான் பிளேயரைக் கீழே வைத்துவிட்டு ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் மிஷினைத் தொட மனசு வரவில்லை.

நீங்கள் கடை வைத்தபோது கோவில்பட்டியில் சிரிக்காத ஆள் பாக்கியில்லை. பொம்பளை மிஷின் வாடகைக்கு விடுகிறாளாம் என்று தீப்பெட்டி ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர்கள்கூடச் சிரித்தார்கள். எதற்காக ஆரம்பித்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணன் கழுத்தில் துண்டோடு குனிந்து இரும்பில் ஓட்டை போட்ட அன்று, துண்டின் நுனியை மிஷின் சுற்றி இழுத்துவிட்டது. துண்டை விலக்கப் போன வலது கை உள்ளே மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம். இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அழுததோடு சரி, வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் அழுது நான் பார்க்கவில்லை. "கைதான போச்சு, தொழில் தெரியும்லா? நீங்க இடது கையால ரிப்பேர் பாருங்க, நான் வாடகைக்கு விடுதேன்" என்றீர்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு வந்தீர்கள். அண்ணன் பெண்டாட்டி என்றாலும் என்னைவிட மூன்றே வயதுதான் மூத்தவர். ஆனால் அதிகாரத்தைப் பார்த்தால் முப்பது வயது மூத்தவர் மாதிரி இருக்கும்.

அந்தத் துண்டுச் சட்டத்தையும் முதல் நாளே போட்டீர்கள். மிஷின் வேண்டுமானால் தோளில் கிடக்கும் துண்டைக் கழற்றி, அந்த மிஷினின் நம்பர் எழுதிய ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மிஷினைத் திருப்பிக் கொடுத்ததும் துண்டை எடுத்துக்கொள்ளலாம். வேறு ஈடு எதுவும் கிடையாது. துண்டு இல்லாமல் வந்தவனுக்குச் சட்டைக் கையை மடிக்க வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்ட வைத்து, கண்ணாடி ஒன்றையும் மாட்டிவிட்டுத்தான் அனுப்புவீர்கள். பிளேடுக்கு மேலே இருக்கிற தகட்டை, இடைஞ்சலாக இருக்கிறது என்று எவனாவது கழற்றிக் கொண்டுவந்தால் அவனுக்கு அடுத்த தடவை மிஷின் இல்லை. ஊர் நம் கடைக்குத் துண்டுக்கடை என்று பெயர் வைத்தது. ஜவுளி வாங்க வந்து ஏமாந்தவர்களும் உண்டு.

இன்னொரு சட்டம் ஓய்ந்த மிஷின்களுக்கு. பழைய இரும்புக்குப் போகும் முன்னால் வயரை அடியோடு அறுக்க வேண்டும், சுவிட்சை உடைக்க வேண்டும். அறுத்த வயரை எரித்துச் செம்பெடுக்கவும் விடமாட்டீர்கள். சுற்றிலும் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற ஊரில் எவனாவது நெருப்பு வைப்பானா என்று திட்டிக்கொண்டே, கத்தியால் தோலைச் சீவி எடுப்பீர்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. அந்த நினைப்புதான் என்னைக் குழியில் தள்ளியது.

விளாத்திகுளம் பக்கத்து அண்ணாச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கி வைக்கக் கிட்டங்கி கட்டிக்கொண்டிருந்தார். தரைக்குக் கடப்பாக் கல் வெட்ட மிஷின் கேட்டு வந்தார். வெள்ளைத் துண்டு, அகலக் கரை, மடிப்புக் கலையாதது. ஆணியைக் காட்டினீர்கள்.

"என்னம்மா, துண்டக் கழத்தணுமா? எங்க ஊருல என் முன்னாடி மத்தவனுவதான் துண்டக் கழத்துவானுவ."

"மிஷினுக்கு ஊருப் பெரிய மனுசன், சின்ன மனுசன்லாம் தெரியாது அண்ணாச்சி. கையில கெடச்சதைச் சுத்தி இழுக்கும்."

அவர் வேட்டியை ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விட்டார். "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று நீங்கள் மரியாதையாகத்தான் சொன்னீர்கள்.

அதற்கு மறுநாள் நீங்கள் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தீர்கள். அன்று பார்த்துப் பழைய இரும்புக்கடை பாய் வண்டியோடு வந்தார். ஓரமாகக் கிடந்த மூன்று மிஷின்களில் இரண்டுக்கு வயரை அறுத்தேன். மூன்றாவது கல் வெட்டுகிற மிஷின். அது ஓடும். ஆனால் அதன் உடம்பில் கரண்ட் கசிகிறது என்று அண்ணன் ஒதுக்கி வைத்திருந்தான். கசிவு தெரிவதற்கு முந்தின வாரம்தான் அதற்கு நானே என் கையால் புது வயர் மாட்டியிருந்தேன். நான் முதன்முதலாக ஒழுங்காக மாட்டிய வயர் அது. கறுப்பாக, பளபளவென்று. அதை அறுக்க எனக்குக் கை வரவில்லை. இரும்புக்குத்தானே போகிறது, உருக்கித்தானே போடப்போகிறார்கள் என்று அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் நீங்கள் திரும்பி வந்து கைப்பையைக் கீழே வைக்கும் முன்னால் ஓரத்தைப் பார்த்தீர்கள்.

"மூணுக்கும் அறுத்துட்டியாட்டி?"

"ரெண்டுக்கு அறுத்தேன் மைனி. மூணாவதுல புது வயரு..."

நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. டெஸ்டரையும் பிளேயரையும் பையில் போட்டீர்கள். ஆணி பார்த்து, யாராவது வாங்கியிருந்தால் பதிலுக்குக் கொடுக்க, ஏழாம் நம்பர் கட்டிங் மிஷினை எடுத்துச் சாக்கில் சுற்றி என் கையில் கொடுத்தீர்கள். "நட" என்றீர்கள். அவ்வளவுதான்.

இரும்புக்கடையில் பாய் நம்மைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "காலையிலதான்மா ஒரு அண்ணாச்சி வந்தாவ. வயரு புதுசா இருக்கேன்னு சொருகிப் பாத்தாவ, ஜம்முனு ஓடிச்சு. நல்ல மிஷின்னு வாங்கிட்டுப் போயிட்டாவ. விளாத்திகுளத்துக்குப் பக்கம். எதுக்குமா?" நீங்கள் எதற்கு என்று சொன்னீர்கள். பாய் முகம் செத்துப்போய்விட்டது. வெள்ளைத் துண்டா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

விளாத்திகுளம் பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கம், நான் மடியில் மிஷினோடு. வழியெல்லாம் மழை. எனக்கு ஒரே ஒரு நினைப்புதான்: ஈரத்தரை, வெறுங்கால், கையில் நான் வயர் மாட்டிய மிஷின். அந்த மனுசனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று வாயைத் திறந்தேன். "வாய மூடிட்டு வா" என்றீர்கள். பிறகு என் முழங்கை மேல் கையை வைத்தவர், விளாத்திகுளம் வரும்வரை எடுக்கவே இல்லை.

விசாரித்து அண்ணாச்சியின் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கினோம். மழையில் நனைந்த கரிசல் சும்மா விடுமா? நாலு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு படி மண். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். நீங்கள் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடாத குறையாக நடந்தீர்கள்.

கிட்டங்கிக்குள் அண்ணாச்சி உயிரோடுதான் உட்கார்ந்திருந்தார். அவரைக் காப்பாற்றியது நம் ஊர்ப்பக்கத்துக் கரண்ட். மழைக்கு நின்றது வரவே இல்லையாம். முதல் கல்லை வெட்டச் சுவிட்சைப் போடும்போதே போய்விட்டதாம். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது, தரையெல்லாம் ஈரம், அவர் கால் வெறுங்கால். கழுத்தில் அதே வெள்ளைத் துண்டு. மிஷின் மடியில். எப்போது கரண்ட் வரும் என்று தலைக்கு மேலே பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினின் சுவிட்ச் ஆனிலேயே கிடந்தது.

நீங்கள் நேரே சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினீர்கள்.

"யாரது? ஏம்மா, துண்டுக்கடைக்காரியா? இங்கன வந்து என்ன செய்யுதே?"

"உங்க மடியில இருக்கது எங்க கடை மிஷின் அண்ணாச்சி. கெட்டுப்போனது. தப்பு எங்க மேலதான்."

"தப்பா? நல்லா ஓடுது. நான் காசு குடுத்து வாங்குனது. துண்டக் கழத்த மாட்டேன்னு சொன்னதுக்கு, இம்புட்டுத் தூரம் பின்னாலயே வந்து பிடுங்குதியோ?"

நான்தான் அறுக்காமல் விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதே நேரம் தலைக்கு மேல் பல்பு எரிந்தது. மூன்று பேருமே நிமிர்ந்து பார்த்தோம். பிளக்கு உங்கள் கையில் இருந்தது. இரண்டு நிமிஷம், மைனி. சேறு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தால்கூட நாம் பிந்தியிருப்போம்.

அப்புறம் நீங்கள் செய்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மிஷினை அவர் மடியிலிருந்து வாங்கி, சுவிட்சை அணைத்து, காய்ந்த பலகை ஒன்றின் மேல் வைத்தீர்கள். செருப்பை வழித்துத் துடைத்துப் போட்டுக்கொண்டீர்கள். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பிளக்கைச் சொருகினீர்கள். சுவிட்சை மேலே தள்ளியதும் மிஷின் ஜம்மென்று ஓடியது. அண்ணாச்சி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். டெஸ்டர் நுனியை நீங்கள் மிஷினின் இரும்பு உடம்பில் வைத்தீர்கள். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"கரண்டு வயருக்குள்ளதான அண்ணாச்சி ஓடணும்? இது மேலெல்லாம் ஓடுது. நீங்க ஈரத்துல உக்காந்து இதை மடியில வச்சிருந்திய."

அவர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். நீங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேயரை என்னிடம் நீட்டினீர்கள். என் புது வயரை நானே அடியோடு அறுத்தேன். சாக்கைப் பிரித்து ஏழாம் நம்பரை அவர் முன்னால் வைத்து, "வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுங்க அண்ணாச்சி, வாடகை வேண்டாம்" என்றீர்கள். துண்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவராகவே கழுத்திலிருந்து எடுத்தார், மடித்தார், இரண்டு கையாலும் உங்களிடம் கொடுத்தார்.

"ஏழாம் நம்பரு ஆணிதான? மாட்டிருங்க" என்றார். நாம் வரும்போது "நீ" என்று பேசியவர், கிளம்பும்போது "நீங்க" என்றார்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கடலை மிட்டாய் வாங்கி, பாதியை உடைத்து என் கையில் வைத்தீர்கள். அப்போதுதான் அதைப் பற்றி முதல் வார்த்தை பேசினீர்கள். "வயரு நல்லாத்தான்ட்டி மாட்டியிருக்க. அதான் அவ்வளவு நல்லா ஓடிச்சு." நான் பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் அழுதேன். நீங்கள் மிட்டாயைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள்.

மறுநாளிலிருந்து பாய் கடையில் வயரோடு எந்த மிஷினும் எடுப்பதில்லை. நம் கடை மட்டுமில்லை, யார் கொண்டுவந்தாலும் "அறுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அவரைப் பார்த்து மற்ற இரும்புக்கடைக்காரர்களும். இன்றைக்கு ஊரில் வாடகைக்கடை நாலைந்து வந்துவிட்டது. துண்டு கேட்பது நாம் மட்டும்தான். ஆனால் வயரை அறுக்காமல் போடுகிற கடை ஒன்றுகூட இல்லை. யார் கொண்டுவந்த வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை, மைனி. சந்தைக்குப் போனாலும் அந்தப் பெருமையோடுதான் போகிறேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அன்று வீடு நிறைய ஆட்கள். விளாத்திகுளத்து அண்ணாச்சி வந்தார், தள்ளாத உடம்போடு. நேரே வீட்டுக்குள் வரவில்லை. முன்னால் கடைக்குள் ஏறி, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒன்றாம் நம்பர் ஆணியில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் உங்களைப் பார்க்க வந்தார். அவருக்குப் பின்னால் வந்த கொத்தனார்களும் ஆசாரிகளும் அதைப் பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக ஆணி தேடி மாட்டினார்கள். ஆணி போதவில்லை. போகும்போது எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் எடுக்கவில்லை. நான் ஞாபகப்படுத்தியதற்கு, "அது அங்கனயே கெடக்கட்டும்மா" என்றார். மூன்று வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. மாதம் ஒருமுறை துவைத்து மாட்டுகிறேன். ஒன்றாம் நம்பரை எடுக்க வருகிறவர் தன் துண்டை அதன் மேலேயே மாட்டிவிட்டுப் போவார்.

இவ்வளவும் எழுதிவிட்டு அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். எழுந்து போய் ஒன்றாம் நம்பரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். இடது கையால் வயரைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அடியோட அறு. மிச்சம் வச்சா ஏசுவா" என்றான்.

அறுத்தேன், மைனி. ஒரே அமுக்கு. சுவிட்சை அண்ணன் உடைத்தான்.

சாயங்காலம் பாய் வந்தார். பச்சை மிஷினைப் பார்த்ததும் அவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால், எவ்வளவு பழகினாலும் வழக்கத்தை விடாமல், அதைத் திருப்பி வயர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினார்.