கட்டாமல் விட்ட சங்கிலி

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி எழுதும் கடிதம் இது. என் வலது கையில் பேனா இன்னும் நிற்பதில்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மடங்குகின்றன. அதனால் எழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது தெருவில் போகிற எல்லாரையும் அடையாளம் கண்டுபிடித்துக் கூப்பிட்டுப் பேசுகிறாள். உன்னிடமிருந்து ஒரு சேதியும் இல்லாமல் மூன்று வருஷம் ஆகப் போகிறது.

உன் முகவரியைத் தந்தவர் ஒரு லாரி டிரைவர். முன்பெல்லாம் நம் பட்டறைக்கு வந்து போனவர், அதனால் உன் முகம் அவருக்குத் தெரியும். நீ வேலை செய்யும் கிடங்கில் சரக்கு இறக்க வந்தபோது அவர் வண்டி கிளம்பாமல் நின்றுவிட்டதாம். நீ பெட்டி சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போனாயாம். கொஞ்சம் பார் தம்பி என்று அவர் கூப்பிட்டதற்கு, "எனக்கு இந்த வேலையெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு விலகிப் போய்விட்டாயாம். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்கிறவன் நீ. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் தண்ணீர் கேன் போடும் அம்மா தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்பக்கம் இடது மூலை இரண்டு விரல்கடை தாழ்ந்து கிடந்தது. பள்ளத்தில் இறங்கினால் அடி 'ணங்'கென்று இடிக்கிறது, கேன் எல்லாம் உருண்டு ஒரு பக்கமாக வந்துவிடுகிறது என்றார். பார்த்தேன். சுருள் ஸ்பிரிங் களைத்துப் போயிருந்தது. மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அந்த மாடலுக்குப் புதிய ஸ்பிரிங் வருவதில்லை. பழைய இரும்புக் கடையில்தான் தேட வேண்டும்.

ஸ்பிரிங் என்றாலே நம் பட்டறையில் உன் வேலை. நான் அதைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. வந்தவர்களை எல்லாம் வேறு பட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவை அனுப்ப முடியவில்லை. வண்டி ஒரு நாள் நின்றால் அவர் பிழைப்பு ஒரு நாள் நிற்கும். மாட்டித் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன்.

இரும்புக் கடைக்காரரை உனக்குத் தெரியும். அவர் சத்தியம் செய்யாமல் சொன்னால் ஒரு தடவை அளந்தால் போதும், சத்தியம் செய்தால் இரண்டு தடவை அளக்க வேண்டும். கம்பியால் சேர்த்துக் கட்டிய இரண்டு ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டு, ஒரே வண்டியில் கழற்றியது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பட்டறைக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் கழுவினோம். அழுக்கு போனதும் ஒன்றில் மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. மற்றதில் வெள்ளைக் கோடு. பட்டறைச் சுவரில் நீ பெயின்டால் எழுதி வைத்த பட்டியல் அப்படியே இருக்கிறது. அண்ணி வாசித்தாள்: ஒரு மஞ்சள் இடது பக்கம், இரண்டு மஞ்சள் டிரைவர் பக்கம், வெள்ளை டீசல் வண்டி. சந்தேகத்துக்குக் கம்பியின் தடிமனையும் அளந்தோம். வெள்ளைக் கோடு அரை மில்லி தடிமன் அதிகம். அதை டிரைவர் பக்கம் மாட்டியிருந்தால் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு, வண்டி மறுபடியும் இடது பக்கமே சாய்ந்திருக்கும்.

மறுநாள் நானும் அண்ணியும் போய் அந்த இரும்புக் குவியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிளறினோம். முதலில் அவள் கண்ணுக்கு எல்லாம் ஒரே முறுக்காகத்தான் தெரிந்தது. பிறகு சுற்றை எண்ணினாள், உயரத்தை அளந்தாள், கடைசியில் இரண்டு மஞ்சள் கோட்டை அவள்தான் கண்டுபிடித்தாள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்தோம். இரண்டு மஞ்சள் சுத்தமாக இருந்தது. இடது பக்கத்து ஸ்பிரிங்கின் மூன்றாவது சுற்றில், வெள்ளைப் பொடிக்கு நடுவே தலைமயிர் போல ஈரக்கோடு ஒன்று எழும்பியது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு கோடுதானே, இதுக்கு என்ன ஆயிடப் போவுது?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்டாள். நான் அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டேன். வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். ஏன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொன்று கிடைக்க ஐந்து நாள் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் மாட்டினோம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றி, ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்க்கை இரும்புக்கு ஜாக்கி கொடுத்தேன். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டும் புதிது. ஸ்பிரிங் தெறித்தாலும் ஆள்மேல் பாயாதபடி, சங்கிலியை எடுத்து அதற்குள் விட்டு, வண்டிச் சட்டத்தோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினேன். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணி கேட்டாள்: "உங்க கை போன அன்னைக்கும் இப்படிக் கட்டித்தானே வச்சிருந்தீங்க? அப்படியும் தெறிச்சிடுச்சா?"

நான் திருப்பு என்றேன். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று அவள் திருப்பினாள். ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கக் கீழ்த்தட்டில் இரண்டு துளை உண்டே, கம்பியின் நுனி ஒன்றை மூடி மற்றதைத் திறந்து விடுகிறதா என்று நான் படுத்துப் பார்த்துச் சொன்னேன். சாயங்காலம் வண்டியை இறக்கினோம். நேராக நின்றது.

தம்பி, அவள் கேட்ட கேள்விக்குப் பதிலை இங்கே சொல்கிறேன்.

அன்றைக்குச் சங்கிலி கட்டவில்லை. "கட்டிடலாமாண்ணா?" என்று நீ கேட்டாய். அஞ்சு நிமிஷ வேலைக்கு எதற்குச் சங்கிலி என்று சொன்னவன் நான். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கிளாம்பில் ஒன்றின் திருகு மரை தேய்ந்து போயிருந்ததை நான் முந்தின நாளே பார்த்தேன். தூக்கிப் போட வேண்டும் என்று தனியாக எடுத்தும் வைத்தேன். நல்ல ஜோடியை ஒருவர் இரவல் வாங்கிப் போயிருந்தார். கொஞ்சம் தேய்மானம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று கிரீஸைத் தடவி, நான்தான் அதை உன் கையில் கொடுத்தேன். நீ சரியாகத்தான் திருப்பினாய். இரண்டு பக்கமும் சமமாகத்தான் திருப்பினாய். நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மரை வழுக்கித்தான் ஸ்பிரிங் தெறித்து என் கையில் அடித்தது. உன் கையில் ஒரு பிழையும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா உன்னைப் பார்த்து, "உன் அவசரத்தால அண்ணன் கை போச்சே, இனி இந்தக் குடும்பம் எப்படிடா நிமிரும்?" என்று கேட்டாளே, அப்போது கதவு திறந்துதான் இருந்தது. எனக்குக் கேட்டது. நீ ஒரு வார்த்தை பேசாமல் என்னைப் பார்த்தாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே உன்னை அவசரக் குடுக்கை என்று சொல்லிப் பழகிய வீடு. அந்தப் பேர் எனக்கு வசதியாக இருந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று காலையிலும் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து வரவில்லை.

தம்பி, இதை எழுதுவது அண்ணி. இது அவர் சொல்லி எழுதுவதல்ல. மேலே உள்ளதைக் கேட்டு எழுதி முடித்ததும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று வருஷமாக இவருக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போதெல்லாம் மனதுக்குள் உங்களைத் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் விட்டதில்லை. என்னிடம்கூட இவர் சொல்லவில்லை. "இதை அத்தைகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க, அப்புறம் மிச்சத்தை எழுதறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மறுபடியும் அண்ணன் பேசுகிறேன், நாலு நாள் கழித்து எழுதுகிறோம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். கை நிற்காமல் மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "சங்கிலி கட்டலாமான்னு அவன் கேட்டானா?" என்றாள். கேட்டான்மா என்றேன். இன்னொரு தடவை அதையே கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன். "கேட்டுட்டு, நான் அந்தப் பேச்சு பேசும்போது வாயத் தொறக்காம நின்னானா?" என்றாள். மடித்த துணிகளை எல்லாம் உதறிப் போட்டாள். மறுபடியும் முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் வைத்த தட்டில் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அண்ணியிடம் உன் முகவரியை வாசிக்கச் சொன்னாள். அண்ணி வாசித்தாள். ஊர், தெரு, கதவு எண் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து நின்று, "அன்னைக்கு நான் சொன்னது என் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாதுன்னு எழுது. அம்மா சொன்னான்னே எழுது" என்றாள். அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறது.

பட்டறைக்கு வருகிறவர்களிடமும் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். கையைப் பார்த்து யாராவது கேட்டால், என் தப்பு என்கிறேன். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது வந்துவிடுகிறது.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஊரில் ஏதாவது பட்டறை இருக்கும். போய் வேலை கேள். தெரியாது என்று இனி யாரிடமும் சொல்லாதே. எனக்காக இல்லை, உனக்காக. நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

தம்பி, உறையை ஒட்டும் முன் அண்ணி ஒரு வார்த்தை. தபால்காரர் வரும் நேரம் பார்த்து அத்தை இப்போதே வாசலுக்குப் போய் நிற்கிறார். கடிதமே இன்னும் போகவில்லை, பதில் எப்படி வரும் என்று சொன்னாலும் கேட்பதில்லை. உங்கள் அண்ணனுக்கு எழுத மனம் வரவில்லை என்றால், அத்தை பேருக்கு எழுதுங்கள். நான்தான் வாசித்துக் காட்டுவேன். கோபமாக எழுதியிருந்தாலும் சரி, யாரும் தேடி வராதீர்கள் என்று எழுதியிருந்தாலும் சரி, ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுவேன். எழுதுங்கள்.