தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

ஜூன் 3

என் காஜாக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. அன்று பட்டன் போட்டுவிட வந்த உன் கையைத் தட்டிவிட்டு, "தொடாதே, போ!" என்று கத்தினேன். சத்தியமாகக் கோபமில்லை. அக்கிக் கொப்புளம் காய்ந்து மூன்று மாதமாகியும், விலாவில் துணி உரசினாலே தணலைக் கொட்டினாற்போல் எரிகிறது. சொல்ல வெட்கம். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவன், கடையைச் சாத்திவிட்டு வெற்று உடம்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

டைலர்

ஜூன் 9

டைலர் அவர்களுக்கு,

சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? முப்பது வருஷம் பெண்டாட்டியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் தைத்த சட்டைக்கெல்லாம் பட்டன் துளை போட்டுக் காஜா எடுத்தவளுக்குத் தெரிய வேண்டாமா? என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று எத்தனை நாள் அழுதேன்!

அக்கா மருமகள் நர்ஸ் அல்லவா, கேட்டேன். "கொப்புளம் காஞ்சாலும் உள்ளே நரம்பு புண்பட்டிருக்கும் சித்தி. பல்லைக் கடிச்சிட்டு இருக்க வேணாம், மருந்து இருக்கு. நரம்பு டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க" என்றாள். நாளைக்கே போங்கள். போகாவிட்டால் நான் வரவே மாட்டேன்.

காஜாக்காரி

ஜூலை 20

என் காஜாக்காரிக்கு,

நீ கெட்டிக்காரி. போனேன். டாக்டரம்மா நரம்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். முதல் வாரம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்தேன். வலியை மரத்துப்போகச் செய்யும் பிளாஸ்திரி ஒன்றும் கொடுத்து, "அளவா வெட்டி ஒட்டிக்கோங்க. பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல வைக்காதீங்க" என்றார்.

அளவு என்றால் விடுவேனா? கண்ணாடி முன் நின்று எரிகிற இடத்தைக் காகிதத்தில் வரைந்து, அதை வைத்துப் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டிக்கொண்டு அடுத்த முறை அவரிடம் போனேன். "அடேயப்பா, என்ன கச்சிதம்! ஆனா சுத்தி எதுக்கு அரை இஞ்ச் கூட இருக்கு?" என்றார். பார்த்தால், துணி வெட்டுகிற பழக்கத்தில், ஓரம் மடித்துத் தைக்க விடுவதுபோல் தையலுக்கு விட்டிருக்கிறேன்! அக்கி வந்த நாளிலிருந்து நான் சிரித்தது அன்றுதான்.

வலி முழுக்கப் போகவில்லை. பாதி குறைந்திருக்கிறது. நேற்று சட்டை போட்டுக் கடை திறந்தேன். பட்டன் மட்டும் போடவில்லை.

டைலர்

ஜூலை 24

டைலர் அவர்களுக்கு,

உங்கள் கத்தரிக்கோலைப் பார்த்து மலைத்தே முப்பது வருஷம் போனது. இப்போது வலிக்கே அளவெடுத்துவிட்டீர்கள்! உங்களை மாதிரி ஓர் ஆள் கிடையாது. அக்கா வீடு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பட்டன் நானாகப் போட மாட்டேன். என் கையைப் பிடித்து, எங்கே எரிகிறது என்று நீங்களே காட்டுங்கள். சுற்றி அரை இஞ்ச் விட்டே தொடுகிறேன்.

உங்கள் காஜாக்காரி