பின்சுவரில் கட்டிய தார்ப்பாய்

செப்டம்பர் 18, புதன்

காலையில் பறித்த காளானில் பாதிதான் கடைக்குப் போகும். நேற்றே பறித்திருக்க வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ போட்டே பொழுது போய்விட்டது. அதற்குள் குடை விரிந்து ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கிறது. யூசுப் மாமா மௌத்தாகி இரண்டு வாரம் ஆகப் போகிறது, இன்னும் ஆள் வருகிறது. வரட்டும். வந்த இடத்தில் "ஏன் ஷாசியா, காளான பிரியாணில போட்டா நல்லாருக்குமா?" என்று கேட்காமல் இருந்தால் போதும்.

மாமி இத்தா இருக்கிறார். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள். அது முடிகிறவரை வெளி ஆண்கள் கண்ணில் படாமல் பின்னறையிலேயே இருப்பார். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், பின்சந்தைப் பார்த்தது. பக்கத்து அறை என் காளான் அறை. அதன் எக்ஸாஸ்ட் ஃபேனும் அதே சுவரில்தான், ஜன்னலுக்கு ஓர் எட்டு தள்ளி. சந்துக்கு அந்தப் பக்கம் யாரோ மாடி கட்டுகிறார்கள். சாரத்தில் நிற்கிற கொத்தனார் கொஞ்சம் திரும்பினாலே மாமி தொழுவது தெரிகிறது.

என் வீட்டுக்காரர் ஆசிக் மச்சானுக்கு நாளை குவைத் ஃபிளைட். அம்மாவை இப்படி விட்டுப் போகிறோமே என்று காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. மேலவீதிக்குப் போய்ப் பெரிய தார்ப்பாயாக வாங்கிவந்து, பின்சுவர் முழுவதையும் மூடி, நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினார்.

"இனிமே ஒருத்தன் கண்ணும் படாது. அம்மா நிம்மதியா ஜன்னல தொறந்து வெச்சிக்கலாம்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் காளான் அறை இட்லிப் பானை மாதிரி புழுங்குகிறது. பைகளின் மேலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக. ஃபேனுக்கு வயசாகிவிட்டதோ?

அக்டோபர் 12, சனி

மாமிக்கு இருமல். சாயங்காலமானால் குளிர்க் காய்ச்சல் வேறு. எதிர்வீட்டு விருத்தாம்பாள் அக்கா கஷாயம் கொண்டுவந்து, "கூட வாழ்ந்த மனுசன் போயிட்டா ஒடம்பு சும்மாவா இருக்கும்? எல்லாம் அழுது அழுது வந்தது" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

டாக்டரிடம் போகலாம் என்றேன். மாமி பார்த்த பார்வை இருக்கிறதே!

"இத்தாவுல இருக்குறவ தெருவுல எறங்குவாளாடி? நாலு பேரு என்னா பேசுவாங்க? ஒரு மாத்தர வாங்கியா, போதும்."

வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மாமியின் தொழுகைப் பாயில், ஜன்னல் கட்டையில், தலையணையில் வெள்ளையாக மெல்லிய தூள். எல்லாம் அந்தக் கட்டடத் தூசி! வாசலில் நின்று மேஸ்திரியைப் பிடிபிடியென்று பிடித்தேன். பாவம், அந்த ஆள் திருதிருவென்று விழித்தார். மூன்று நாளாக வேலையே நடக்கவில்லையாம். பின்னே எங்கிருந்து வருகிறது? துடைத்தால் மறுநாள் மறுபடி.

மச்சான் போனில், "அம்மாவ அழ வுடாத ஷாசியா" என்றார். நானா அழ விடுகிறேன்? நான் என்ன, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயமா உரிக்கிறேன்? கத்திவிட்டு, அப்புறம் வருத்தமாக இருந்தது. அவர் அங்கே தனியாக என்ன செய்வார்.

நவம்பர் 10, ஞாயிறு

மாமியால் ருகூவுக்குக் குனிய முடியவில்லை. உட்கார்ந்தே தொழுகிறார், அதற்கே மூச்சு வாங்குகிறது. கடலூரிலிருந்து சாய்ரா வந்தாள். மகளில்லையா, பார்த்ததும் பதறிவிட்டாள். "ஏன் மச்சி, கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?" என்று என்னைத்தான் திட்டினாள். திட்டிவிட்டு நேராகப் பள்ளிவாசல் உபைதுல்லா ஹஜரத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்ததால் மாமிக்கும் கேட்டது.

"வைத்தியத்துக்குப் போறதுக்கு என்னம்மா தடை? மொத நாளே கூட்டிட்டுப் போயிருக்கலாமே. யாரு கூடாதுன்னு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் யாரையும் கேட்கவில்லை. இவ்வளவுதானா? ஒரு போன்! யா அல்லாஹ், ஒரே ஒரு போன்.

நவம்பர் 13, புதன். கடலூர்

நுரையீரல் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். சின்ன வயதுப் பெண், பொறுமையாகப் பேசினார்.

"வீட்ல புறா வளக்கறீங்களா?"

இல்லை என்றேன்.

"பூஞ்ச புடிச்ச வைக்கோல், தானியம், அந்த மாதிரி ஏதாவது?"

"காளான் வளக்கறேன் மேடம். சிப்பிக் காளான்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அந்த ரூம் காத்து எங்க போவுது?"

"வெளியதான். ஃபேன் வெச்சிருக்கேன்."

"வெளியன்னா எங்க? காட்டுங்க."

மேஜையில் விரலால் சுவரைக் கோடு போட்டுக் காட்டினேன். இது ஃபேன், இது மாமி ஜன்னல், இதுக்கு மேலே ரெண்டையும் மூடி— அதற்கு மேல் விரல் நகரவில்லை.

விரிந்த காளான் கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்ந்துகொண்டே இருக்குமாம். மாமியின் தலையணையில் வெள்ளையாகப் படிந்தது அதுதான். ஃபேன் தள்ளிய காற்று தார்ப்பாயில் முட்டி, போக வழியில்லாமல் ஜன்னல் வழியே மாமியின் அறைக்குள் போயிருக்கிறது. "எனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றேன், முட்டாள் மாதிரி. "நீங்க முகத்த மூடிக்கிட்டுப் போய்ட்டு வந்துடறீங்க. அவுங்க ராத்திரி பகலா அதுலயே இருந்திருக்காங்க" என்றார். அந்தக் காற்றைக் குழாய் வைத்துக் கூரைக்கு மேலே ஏற்றிவிட வேண்டுமாம், எந்த ஜன்னல் பக்கமும் வராதபடி. அந்தத் தூள் போய்ப் போய்த் தழும்பு விழுந்த நுரையீரல் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

ஆட்டோவில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "ஆசிக்குட்ட சொல்லாத புள்ள. அவன் எனக்காவ கட்டுனது. தெரிஞ்சா செத்துடுவான்."

சாய்ராவும் தலையாட்டினாள். மாமி இனிமேல் அவள் வீட்டில்தான்.

நவம்பர் 15, வெள்ளி

சிதம்பரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தேன். மனசு நம்பவில்லை. சாம்பிராணி போட்டுக் காளான் அறையில் வைத்து ஃபேனை ஓடவிட்டேன். மாமியின் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். புகை ஜன்னல் வழியாகக் குபுகுபுவென்று வந்து அவர் கட்டில்மேல் இறங்கியது. அந்தக் கட்டிலிலேயே விழுந்து அழுதேன். அரிவாள்மனையை எடுத்துத் தார்ப்பாயைக் கிழித்து எறிந்தேன்.

பைகளையெல்லாம் கீரப்பாளையத்திலிருந்து ஒருவர் வந்து எருவுக்கு ஏற்றிப்போனார். நன்றாகத்தானே ஓடுது, ஏன் நிறுத்துகிறீர்கள் என்றார். முடியல அண்ணே என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி. கடலூர்

மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. "ஒங்க மாமா கொறட்ட விடுற மாரியே இருக்கு, நல்லா தூக்கம் வருது" என்கிறார். சிரிக்கிறார், சிரித்தால் இருமுகிறார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொல்கிறார். நான் தாங்குவேனா இதை?

ஜனவரி 12, ஞாயிறு

இத்தா முடிந்தது. உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டோம். முடிந்ததும் கடற்கரைக்குப் போகணும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். புதுப்புடவை கட்டி, வாசற்படிவரை கொண்டுவந்தோம். அதற்குமேல் முடியவில்லை.

"வுடு. இங்கயே நல்லாத்தான் காத்து வருது."

சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் போயிட்டா, துக்கத்துல போயிட்டேன்னு சொல்லு. நீ வாய் அடங்காதவ, அதான் பயமா இருக்கு." சத்தியம் கேட்டார். செய்தேன்.

ஜனவரி 29, புதன்

மாமி போய்விட்டார். விடிகாலை, ஃபஜ்ர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்.

பிப்ரவரி 4, செவ்வாய். சிதம்பரம்

மச்சான் நேற்று வந்தார். அடக்கத்துக்கு வர முடியவில்லை, லீவு கிடைக்கவில்லை. கபுருஸ்தான் போய்விட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பார்க்க வந்தவர்களிடம், "அத்தா போன துக்கம் அம்மாவையும் கொண்டுபோயிடுச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சாய்ரா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் போனபிறகு சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"பெத்தவளுக்கு நான் என்னா செஞ்சேன் ஷாசியா? அங்க கெடந்தேன். இத்தாவுல யாரு கண்ணும் படாம அவுங்கள வெச்சிருந்தோம் பாரு, அது ஒண்ணுதான் நான் செஞ்சது. அத நெனச்சாதான் கொஞ்சம் மனசு ஆறுது."

குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்தேன்.

"ஆமா மச்சான்" என்றேன். "அம்மாவும் கடைசிவரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

அப்புறம்தான் ஒரு வாய் எடுத்து வைத்தார். குழம்பு ஊற்றினேன்.