எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை

பல்லாவரம்,
4-7-1986

சம்பந்தி லோகாம்பாள் அம்மாளுக்குக் கன்னியம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று நான் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் உங்கள் மகளுக்குத் தாலி கட்டிய அன்றைக்கே, உங்களோடு பேசமாட்டேன், உங்கள் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொன்னவள் நான். இன்றுவரை மீறவில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்த இன்லண்டுக் கடிதம்.

நம் பேத்தி மங்கையைக் காலேஜுக்குக் கிட்டே என்று உங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் பிலாய்க்கு உருக்காலை வேலைக்குப் போனான் என் மகன். பல்லாவரத்திலிருந்தும் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடுகிறது. அவன் மறந்தான், நான் மறக்கவில்லை. பி.ஏ. பொருளாதாரம் என்றாள், சரி என்றேன். கூடவே ஒரு துணைப்பாடம் எடுக்க வேண்டுமாம். மற்றப் பெண்கள் புள்ளியியல் எடுத்து பாங்கு வேலைக்கு வழி பார்க்கிறார்கள். இவள் தத்துவம் எடுத்திருக்கிறாள். ரவிக்கைத் துணி எடுத்ததைச் சொல்வதுபோல என்னிடம் சொல்கிறாள். என் மாமனாரின் அண்ணன் தத்துவம் பேசிப் பேசியே இரண்டு காணி நிலத்தைக் கோட்டைவிட்டார். இன்று அதில் தோல் பதனிடுகிறார்கள். அந்த நாற்றம் வரும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான்.

இது உங்கள் வீட்டுக் காற்று. மாதக் கடைசிவரை பாடத்தை மாற்றலாமாம். மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவளை இங்கே அழைத்துவந்து, நானே காலேஜ் ஆபீசில் நின்று மாற்றுவேன். அம்மா சொல்வதுதான் முடிவு என்று மகனும் எழுதிவிட்டான்.

கன்னியம்மா

மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். பிழை இருந்தால் அதற்கும் சிரித்துக்கொள்ளுங்கள். 'அதற்கும்' என்று ஏன் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

*

பெருங்களத்தூர்,
9-7-1986

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு லோகாம்பாளின் வணக்கம்.

நான் எடுக்கச் சொல்லவில்லை. இந்தப் படிப்பால் சோறு வேகுமா என்று நானும் கேட்டேன். "சோறு வெந்துச்சுன்னு உனக்கு எப்படி ஆயா தெரியும்?" என்றாள். ஒரு பருக்கையைப் பார்த்து என்றேன். "மீதிப் பருக்கையெல்லாம் பார்த்தியா?" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனால் ஒன்று. புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடும் பெண், இந்தப் பாடத்தைத் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறாள். வாயும் ஞாபகமும் எங்கள் வீட்டில் யாருக்கும் இவ்வளவு இல்லை. எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசியுங்கள். மாற்றச் சொல்லி அவளை அழவைக்க என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன், நீங்கள் சொல்லுங்கள்.

கையோடு கொல்லை முருங்கைக்காய் கொடுத்தனுப்புகிறேன். சாப்பிடுவது உங்கள் வீட்டில்தானே, சபதத்துக்குப் பழுதில்லை.

லோகாம்பாள்

*

பல்லாவரம்,
14-7-1986

லோகாம்பாள் அம்மாளுக்கு,

முருங்கைக்காய் வந்தது. இரண்டு முற்றல். 

பேத்தியை உட்காரவைத்துக் கண்டித்தேன். அந்த வீட்டின்மேல் உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றாள். சொன்னேன். கல்யாணத்தன்று முதல் பந்தி. என் தம்பி அப்பாதுரை மூன்றாவது இலை. சாம்பார் ஊற்றியாயிற்று. சோற்றில் கை வைத்தவனை உங்கள் வீட்டு ஆள் தோளைப் பிடித்து எழுப்பி, அந்த இடத்தில் உங்கள் ஊர்க் கான்ட்ராக்டரை உட்காரவைத்தான். உங்கள் பக்கத்தார் சிரித்தார்கள். வாசலில் கட்டியிருந்த வாழைத்தார் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுவரை சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "இது நீ கண்ணால பார்த்ததா, நீயா யூகிச்சதா, யாராவது சொன்னதா?" என்கிறாள். எதையும் நாம் அறிவது இந்த வழிகளில்தானாம். காட்சி, கருதல், உரை என்று பெயர் வேறு. பார்த்ததுதான் என்றேன். "அப்ப நீ எங்க நின்னுகினு இருந்த?" என்றாள்.

என் ஞாபகம் பொய் சொல்லாது. அதுதான் பேஜார். நான் மாடியில் இருந்தேன். சீர்ச் சாமான் வைத்த அறைக்குச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காவல் உட்கார்ந்திருந்தேன். என் ஓரகத்தி சரசுதான் ஏறிவந்து சொன்னாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

அதனால் கேட்கிறேன். நீங்கள் பந்தியில் நின்றீர்கள். பார்த்ததை எழுதுங்கள். பார்த்ததை மட்டும்.

கன்னியம்மா

*

பெருங்களத்தூர்,
18-7-1986

சம்பந்தி அம்மாளுக்கு,

இத்தனை வருஷத்தில் இப்போதுதான் காரணம் தெரிகிறது.

உங்கள் தம்பி உட்கார்ந்ததைப் பார்த்தேன். சாம்பார் ஊற்றியதைப் பார்த்தேன். ரசம் கொண்டுவரச் சொல்லித் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது இலை இருந்தது, அவர் இல்லை. பந்தி எழும்வரை அந்த இலை அப்படியே கிடந்தது. கை வைத்த இலையில் எந்தக் கான்ட்ராக்டர் உட்காருவார் அம்மா? ஏன் எழுந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் நீங்கள் முகம் கொடுக்காமல் போனபோது, பாயசத்தில் சர்க்கரை போதவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டுப் பாயசத்துக்கு ஒரு கை சர்க்கரை கூடுதல்.

மங்கை பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் வந்து அழைத்தால் எதிர்த்துப் பேசமாட்டாளாம். தத்துவப் புத்தகத்தை மட்டும் பெட்டிக்குள் வைக்காமல் என் அலமாரியில் வைத்துவிட்டாள்.

லோகாம்பாள்

*

பல்லாவரம்,
23-7-1986

என் சம்பந்திக்கு,

நேற்றுக் குரோம்பேட்டைக்குப் போய் அப்பாதுரையையே கேட்டேன். பெண்டாட்டி காதில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு சொன்னான்: "யாரும் எழுப்பலக்கா. புதுப் பட்டு வேட்டி, வழுக்கினு பூட்ச்சு. ஒரு கைல சோறு, ஒரு கைல இடுப்பு. எயுந்து ஓடியாந்துட்டேன்."

ஏன்டா சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கவே இல்லியே" என்றான். கேட்டால் பட்ட அவமானத்தைக் கிளறியதாகுமே என்று நான் கேட்காமலே பாதுகாத்து வைத்திருந்தேன்.

சரசு பார்த்தது அவன் எழுந்து ஓடியதை. எழுப்பிய ஆளும் கான்ட்ராக்டரும் சிரிப்பும் அவள் சமையல். அவளோடு இனிப் பேசமாட்டேன். எழுதவும் மாட்டேன். உங்கள்மேல் வைத்திருந்த கோபத்தில் ஒரு பொட்டுகூட வீணாகவில்லை, முழுவதும் அவளுக்கு.

மங்கை பாடத்தை மாற்ற வேண்டாம். பிலாய்க்கும் எழுதிவிட்டேன். பாங்கு வேலை வருகிறபோது வரட்டும். நாளைக்குப் புகுந்த வீட்டில் ஒருத்தி மூச்சு வாங்க மாடி ஏறிவந்து எதையாவது சொல்வாள். அப்போது என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். அவள் அங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னுடையவள்.

மன்னிப்புப் பாடம் நாலாம் வகுப்பில் இருந்திருக்கும். நான் மூன்றோடு நின்றவள்.

வருகிற ஆடி வெள்ளிக்கு, இங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையை முடித்துக்கொண்டு மத்தியானம் அங்கே வருகிறேன். அப்பாதுரையும் வருகிறான். எங்கள் இருவருக்கும் இலை போடுங்கள். பாயசத்துக்கு அந்தக் கூடுதல் கை சர்க்கரை வேண்டாம். அவனுக்கு பெல்ட் வாங்கிவிட்டேன், பந்தி முடியும்வரை எழுந்திருக்கமாட்டான்.

இனி என்னிடமிருந்து இன்லண்டு வராது. இருபத்தொரு வருஷப் பேச்சு பாக்கி இருக்கிறது. அதை எழுதி முடியாது.

உங்கள் சம்பந்தி,
கன்னியம்மா