தகவலுக்கு நன்றி

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் நலம் என்று தெரியும். ஞாயிறுதோறும் நீ அம்மாவிடம் பேசும்போது, பக்கத்து அறையில் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் படிப்பவன் நான்தானே. உன் முகவரியை அம்மாவிடம் கேட்டேன். உன்னைக் கேட்காமல் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம், "கேட்டேன், குடுக்கச் சொன்னா" என்று ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள். காகிதத்தில் எழுதிப் பல வருடம் ஆகிறது. கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் தேவலை. மாடிப்படியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாள், ஆனால் ஏறுகிறாள். பூட்டுக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. எண் அழுத்தித் திறக்கும் பூட்டுகள் வந்தால் என் பிழைப்பில் மண் விழும் என்றார்கள். சாவியைத் தொலைப்பவர்களைவிட எண்ணை மறப்பவர்கள்தான் அதிகம். போன வாரம் ஒரு பல் மருத்துவர் காற்று வாங்க வெளியே வந்து, கதவு தானாகப் பூட்டிக்கொள்ள, எண் மறந்துபோய் நின்றார். உள்ளே நோயாளி வாயைப் பிளந்தபடி காத்திருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் சுற்றி வளைத்தால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

ஐந்து மாதத்துக்கு முன் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாய். நீ போன பிறகு ஒரு வருடம் கழித்து எனக்கென்று வந்த முதல் கடிதம். உன் மேசை இழுப்பறையை நான் திறந்ததைப் பற்றி, நாட்குறிப்பைப் படித்ததைப் பற்றி, நீ தூரதேசத்து வேலைக்கு மனுப் போட்டிருப்பதைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டு உடைத்ததைப் பற்றி, எல்லாம் நிதானமாக எழுதியிருந்தாய். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "நானே சொல்லும்வரை உங்களால் ஏன் காத்திருக்க முடியவில்லை?"

அதற்கு என்னிடமிருந்து "தகவலுக்கு நன்றி" என்று உனக்குப் பதில் வந்தது. அதை நான் எழுதவில்லை, கண்ணு.

உன் கடிதத்துக்குக் கீழே மூன்று சின்னக் கட்டங்கள் இருந்தன. ஒன்றில் "சரி", ஒன்றில் "பிறகு பேசுவோம்", ஒன்றில் "தகவலுக்கு நன்றி". மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடி மேலே தள்ளிப் படிக்கப் பார்த்தேன். அரம் பிடித்துக் காய்த்துப்போன என் கட்டைவிரலுக்குத் தொடுதிரை எப்போது ஒத்துவந்தது? பட்டுவிட்டது. போய்விட்டது. திரும்பப் பிடிக்கத் தெரியவில்லை.

அன்றைக்கே விளக்கம் எழுதியிருக்கலாம் என்பாய். உட்கார்ந்தேன். "உன்னிடம்" என்று தட்டினால், "உன்னிடமிருந்து விரைவில் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்று சாம்பல் நிறத்தில் அதுவே முடித்துவைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அழித்தேன். மறுபடி வேறொன்று. எது என் வார்த்தை, எது அதனுடையது என்றே தெரியாமல் மூடிவிட்டேன். பிறகு வெட்கம். வெட்கம் ஒரு வாரம் தாண்டினால் வீம்பு ஆகிவிடுகிறது. நீ அம்மாவிடம் சொல்லி, அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவளிடமும் உண்மையைச் சொல்லாமல் விட்டேன். யார் நம்புவார்கள்?

கடைசியில் பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்க்கிறாளே, அந்தப் பெண்ணிடம் காட்டினேன். இந்தக் கட்டங்களை யார் வைத்தது என்று கேட்டேன். வந்த கடிதத்தை இயந்திரம் படித்துப் பார்த்து, பொருத்தமாக மூன்று பதில் தயாரித்து வைக்கும் என்றாள். நான் படிப்பதற்கு முன்பே அது படித்துவிட்டதா என்று கேட்டேன். அவள் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, "உங்களுக்கு உதவிதானே அண்ணே. உங்க நல்லதுக்குத்தான் வச்சிருக்காங்க" என்றாள்.

உங்க நல்லதுக்குத்தான். அன்று சாப்பாட்டு மேசையில் நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. முப்பது வருடமாக ஊரில் எத்தனையோ பீரோவையும் பெட்டியையும் திறந்திருக்கிறேன். ஒன்றின் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை, ஒரு சாவிக்கும் கள்ளப் பிரதி வைத்துக்கொண்டதில்லை. அந்தப் பெருமையை உன்னிடமே எத்தனை தடவை அளந்திருக்கிறேன். ஆனால் உன் இழுப்பறையை ஒரு கீறல் விழாமல் முக்கால் நிமிடத்தில் திறந்தேன். ஊருக்குத்தான் உபதேசம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது.

அன்றே என் மின்னஞ்சலை வைத்திருக்கும் அந்தப் பெரிய கம்பெனியிடமிருந்து வெளியேறுவது என்று முடிவு செய்தேன். பழுது பார்க்கும் பெண் மூன்று நிறுவனங்களைக் காட்டினாள். ஒன்று இலவசம், விளம்பரம் காட்டும். அது வேண்டாம் என்றேன். இன்னொன்று, உங்கள் கடிதங்களைப் படிக்க மாட்டோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாவது, எங்களால் படிக்க முடியாது என்றது. உள்ளே வந்த கடிதத்தை நம் கடவுச்சொல்லால் பூட்டிவிடுவார்களாம், அந்தச் சொல் அவர்களிடம் இருக்காதாம். வரும் வழியில் யார் பார்த்தார்கள் என்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை என்பதையும் அவள் மறைக்கவில்லை. மாட்டோம் என்பவனுக்கும் முடியாது என்பவனுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பூட்டுக்காரனுக்கா தெரியாது? மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தானே நானும். மூன்றாவதில் சேர்ந்தேன். வருடக் கட்டணம் உண்டு. பூட்டுக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

அம்மாதான், "சொல்லு மறந்துபோச்சுன்னா?" என்றாள். மறந்தால் பழைய கடிதம் ஒன்றையும் யாராலும் திறக்க முடியாது, மீட்புச் சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரமாக வைத்தால்தான் உண்டு. எழுதி வைத்திருக்கிறேன். அவள் தன் பழைய மின்னஞ்சல் கணக்கை விடவில்லை. "என் தங்கச்சி எழுதுறத எல்லாம் ஒருத்தன் உக்காந்து படிக்கிறான்னா, பாவம், அவனுக்கு ஒரு காப்பி அனுப்பணும்" என்கிறாள்.

வெளியேறுவது லேசாக இல்லை. வங்கி, மின்சாரம், கடைக்கான உரிமம், எல்லா இடத்திலும் பழைய முகவரிதான். தினம் இரண்டு மூன்றாக மாற்றினேன், மூன்று வாரம் ஆனது. உன் பள்ளிக்கூடப் படங்களை எல்லாம் இறக்கி ஒரு சின்னப் பெட்டியில் சேமித்துவிட்டேன். உன் கடிதத்தை மட்டும் இறக்கவில்லை. கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதுதான் ஒவ்வொரு வரியும் உறைத்தது.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பயம். உன் முகத்தில் ஏதோ ஒரு புறப்பாடு தெரிந்தது. கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்து, கேட்காமல் திறந்தேன். நீ போய்விடுவாய் என்று திறந்தேன், திறந்ததால்தான் போனாய். போனதுகூடச் சரி, நல்ல வேலை, உன் படிப்புக்கு ஏற்றது. ஆனால் வாசலில் என் முகத்தைப் பார்க்காமல் போனாயே, அது என் கையால் நானே செய்துகொண்டது. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

இந்த உறையில் இரண்டு சாவிகள் இருக்கும். உன் காலி இழுப்பறைக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறேன். கடையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து திறந்து பார்க்க முயன்றேன், என்னால் முடியவில்லை. அதனால்தான் அதை வாங்கினேன். இரண்டு சாவியும் உன்னிடம். மூன்றாவது கிடையாது.

கடைசியாக ஒன்று. பழைய கணக்கை மூடப் போனால், பதிவான போன் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்புகிறோம் என்கிறது. அது உன் எண். கல்லூரி முதல் வருடத்தில் நீதானே எனக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தாய். வெளிநாட்டுக்குப் போயும் அந்த எண்ணை நீ விடவில்லை என்று அம்மா சொன்னாள். அந்த எண்ணை மாற்றுவதற்கு வேறு வழி இருக்கிறது என்று பழுது பார்க்கும் பெண் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு, இங்கே காலை பத்து மணிக்கு அந்தப் பொத்தானை அழுத்துவேன். உனக்கு ஆறு எண்கள் வரும். பத்து நிமிடம்தான் செல்லும், கடிதத்தில் எழுதி அனுப்ப நேரம் பத்தாது, போனில்தான் சொல்ல வேண்டும். நீ விரும்பவில்லை என்றால் விட்டுவிடு. கணக்கு திறந்தே கிடக்கட்டும், மறுபடி அழுத்தி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். இந்த முறை நீயாகச் சொல்லும்வரை காத்திருப்பேன்.

இந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதே என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். நல்ல புத்திமதிதான், எல்லோரிடமும் அப்படியே இரு. அப்பனுக்கு மட்டும், மனம் வந்தால், உன் வாயால் சொல்.

நன்றாக இரு, கண்ணு. வேளைக்குச் சாப்பிடு.

பத்து மணிக்குப் போன் பக்கத்தில் இருக்கும்,
உன் அப்பா