கூரைத்துணி காயும்வரை

இல்லை அம்மா, காரை விடமாட்டேன். நேற்று நீ கதவைச் சாத்திக்கொண்டதால் பதிலை இங்கே எழுதுகிறேன். "கூரத்துணி தொங்குற அந்தக் கார இன்னும் எத்தன நாளைக்குடி கட்டிக்கிட்டு அழுவ?" என்று கேட்டாய். நான் அழவில்லை. கூரையைக் கழற்றிவிட்டேன்.

காரின் உள்கூரை அட்டை இப்போது உன் கட்டிலில் கிடக்கிறது. வேறெங்கும் அது கொள்ளவில்லை. புதுத்துணி ஒட்டியிருக்கிறேன், பசை காய வேண்டும், மாலை ஆறு மணிவரை தொடாதே. படுக்க வேண்டுமென்றால் என் கட்டிலில் புத்தகங்களைத் தள்ளிவிட்டுப் படு.

போன மாதம் நடந்தது என் தப்புதான். கூரைத்துணிக்கு அடியில் உளுத்துப்போயிருந்த பழைய நுரையைச் சுரண்டாமல் அதன்மேலேயே பசை தடவினேன். நாற்சந்தியில் துணி உன் தலையில் முக்காடாக விழுந்தது. "நாவல் படிச்சா கார் ரிப்பேர் வந்துருமா?" என்று ஒரு வாரம் குத்திக் காட்டினாய். இந்த முறை அட்டை பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். தும்மினால் இன்னும் மஞ்சள் தூள் வருகிறது.

நீ வரச்சொன்ன பழைய கார் வாங்குகிறவர் நாலு மணிக்கு வந்தால், கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிடு. நீ சொல்லமாட்டாய். அதனால் கார் சாவியை நூலகத்துக்கு எடுத்துப் போகிறேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும், சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

இன்னொன்று. அட்டையை ஒருத்தியாக மாட்ட முடியாது, நடுவில் மடங்கிவிடும். ஆறு மணிக்குக் கீழே காரிடம் வந்து, என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, மறுமுனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பாயா?