முயல் ஆண்டும் நான் கத்தரித்த சூரியனும்

அல்மாத்தி,
மார்ச் 24, 2023

அன்பு மகள் குன்சுலுவுக்கு அப்பா எழுதுவது. மந்தையும் மக்களும் நலமா என்று கேட்டுத்தான் நம்மில் யாரும் பேச்சைத் தொடங்குவோம். மக்கள் நலம். அம்மாவுக்கு இருமல் போய்விட்டது, எனக்கு வழக்கம்போல் மலைமேல் சூரியத் தொலைநோக்கி, கீழே இறங்கினால் அம்மாவின் திட்டு. மந்தையைப் பற்றிக் கேட்கப் பயந்துதான் நீ நான்கு வாரமாகத் தொக்தார் பெரியப்பாவின் போனை எடுக்காமல் இருக்கிறாய். என் போனையும் எடுப்பதில்லை. அதனால் அம்மா புடாபெஸ்டுக்கு அனுப்பும் பொட்டலத்தில், உப்புத் தயிர்க்கட்டிகளுக்கு மேலே இதை வைக்கிறேன். அதைத் தின்னாமல் உன்னால் இருக்க முடியாது, எனவே இதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். என் பேச்சைக் கேட்டுத்தான் பெரியப்பாவோட முப்பத்தோரு ஆடு செத்துச்சு, எனக்கெல்லாம் எதுக்கும்மா வானிலைப் படிப்பு என்று. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இடையில் அழாதே. அக்டோபரில் பெரியப்பா உன்னைப் போனில் கூப்பிட்டு, முயல் வருஷம் வருது, ஜூத் வரும், புல்லு பனியில உறைஞ்சு மந்தை பட்டினியில சாகும்னு ஊரே நடுங்குது, நீ என்ன சொல்றே என் குட்டிக்குதிரை என்று கேட்டார். சூரியன்ல கரும்புள்ளி இல்லாதப்போ வர்ற முயல் வருஷத்துலதான் ஜூத் வரும், இப்ப புள்ளி நாளுக்கு நாள் ஏறுது, பயப்படாதீங்க என்று நீ சொன்னாய். அவர் குளிர்காலத்துக்கு வழக்கமாக வாங்கும் புல்கட்டில் பாதியோடு நிறுத்திக்கொண்டார். பிப்ரவரியில் அவர் ஆடு மேய்க்கும் கெகென் மேட்டில் இரண்டு நாள் பனிமேல் மழை பெய்தது, மூன்றாம் நாள் உறைந்தது. மேடு முழுக்கக் கண்ணாடி. அடியில் புல் இருந்தும் ஆடுகளின் வாய்க்கு எட்டவில்லை, கொட்டகையில் இருந்த பாதிப் புல் பத்து நாள்கூட வரவில்லை. நீ சொன்னது தப்பு. தப்பைத் தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் அது உன் தப்பு இல்லை, என்னுடையது.

பெரியப்பா வீட்டு அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறதே, நீ எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தாள், அதை வரைந்தவன் நான். வான்காணகத்தில் சேர்ந்த வருடம், எனக்கு இருபத்திரண்டு வயது, தலை நிறையக் கர்வம். ஜூத் வந்ததாக ஊர் சொல்லும் முயல் ஆண்டுகளையும் புள்ளி குறைந்து சூரியன் அடங்கிய ஆண்டுகளையும் ஒரே தாளில் போட்டேன். 1879, 1891, 1903, மூன்றும் கிட்டத்தட்டப் பொருந்தின. பிறகு? நம் விலங்கு ஆண்டுகளின் சுற்றில் முயல் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது, சூரியனுக்குச் சுமார் பதினொன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வருடம் விலகாமல் என்ன செய்யும்? 1927 முயல் வந்தபோது சூரியன் புள்ளிகளின் உச்சிக்கே போய்விட்டது. அதைப் பார்த்தேன் குன்சுலு. பார்த்துவிட்டு, அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்து 1903க்குப் பக்கத்தில் வெட்டிவிட்டேன். மீதி குப்பைக்குப் போனது. பொருந்திய பாதியை அண்ணன் வீட்டில் ஒட்டி, தம்பி படித்தவன் என்று பேர் வாங்கினேன். பதினான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை, நீ அதைப் பார்த்தே வளர்ந்தாய்.

இனிமேல் யாராவது கேட்டால் இதைச் சொல். புள்ளி ஏறி இறங்குவதால் சூரியன் தரும் வெப்பம் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. அதனால் பூமியின் சராசரிச் சூடு மாறுவது ஏறத்தாழ ஒரு டிகிரியில் பத்தில் ஒன்று. குளிர்காலக் காற்றை அது கொஞ்சம் அசைக்கலாம் என்கிறார்கள், இருக்கலாம், இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கெகென் மேட்டில் பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மழை பெய்யுமா என்று எந்தப் புள்ளியும் சொல்லாது. தெரியாது என்ற சொல்லை நான் உனக்குக் கற்றுத்தரவே இல்லை. நீ படிக்கப் போயிருப்பதே அதைச் சரியான இடத்தில் சொல்லத்தான், ஆகவே படிப்பை விடுகிற பேச்சு இத்தோடு முடிந்தது.

நவ்ரீஸ் அன்று, முயல் ஆண்டு பிறந்த நாளில், கெகெனுக்குப் போய் அண்ணனிடம் கத்தரித்த கதையைச் சொன்னேன். உல்தாய் பெரியம்மா கஞ்சிக் கரண்டியோடு திரும்பி, ஏன் கொழுந்தனாரே, கத்தரிக்கத் தெரிஞ்சா ஆட்டு ரோமத்தைக் கத்தரிக்க வந்திருக்கலாமே, சூரியனை எதுக்குக் கத்தரிச்சீங்க என்றார். பெரியப்பா அடுப்பில் விறகைத் தள்ளினார். அப்புறம், முயல் இன்னும் வாசப்படியே ஏறலை, போன வருஷத்துப் புலிதான் போறபோக்குல வாலால அடிச்சுட்டுப் போயிடுச்சுடா என்றார். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, புல்லு ஏத்தி இறக்க எனக்குச் சோம்பல், புள்ள சொன்னது வசதியா இருந்துச்சு, கேட்டுக்கிட்டேன், அம்பது வயசுக்காரன் பதினேழு வயசுப் பொண்ணு மேல பழியைப் போட்டா இந்தத் தாடி எதுக்கு முளைச்சுது என்றார். அவளைப் படிச்சுட்டு வரச்சொல்லு, அவ வர்றவரைக்கும் நான் முழுப் புல்லும் வாங்கிப் போட்டுடறேன் என்றார். படத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. மீதி நூற்றிருபது வருடத்தை வேறு தாளில் வரைந்து பக்கத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். பொருந்தவே இல்லை, பார்க்க நன்றாக இருக்கிறது.

நான் பிறந்ததும் முயல் ஆண்டில்தான், அதனால் இது என்னுடைய ஆண்டும்கூட. கருவில் இருந்த காலத்தையும் சேர்க்கும் நம் வழக்கப்படி எனக்கு முப்பத்தேழு, கெட்டது கழிய உடம்பில் கிடந்த ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தொலைநோக்கிக்குப் போட்டுக்கொண்டு போகும் பஞ்சுக் கோட்டைக் கழற்றி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே, தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் சாம்பல் குதிரை உயிரோடு இருக்கிறது. அதுதான் முன்னால் போய்க் குளம்பால் பனியை உடைத்து ஆடுகளுக்கு வழிவிட்டது. கணுக்கால் கிழிந்து ரத்தம், இப்போது ஆறிவருகிறது, கொஞ்சம் நொண்டும். மீதி நாற்பது ஆடு பிழைத்தது அதனால்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நம் பெரியவர்கள் வாழ்த்துவதுபோல் உன் பாதை வெண்மையாக இருக்கட்டும், போகும் ஊரெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியப்பா சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி உன்னைக் கூப்பிடுவார். எடு. எடுத்ததும் மந்தையும் மக்களும் நலமா என்று கேட்பார், அந்தக் குதிரை உன்னுடையது, ஆகவே உனக்கும் மந்தை உண்டு, நலம் என்று சொல். பிறகு அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேள். மக்களை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே, மந்தையையும் சேர்த்துக் கேள்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
எர்நாத்